யார் சாம்பியன்? எப்படித் தேர்ந்தெடுப்பது?



2024 டிசம்பரில் சிங்கப்பூரில் நடந்த உலக செஸ் போட்டியில், சென்னையைச் சேர்ந்த குகேஷ் சீனாவின் டிங் லிரெனை 7.5 - 6.5 என்ற புள்ளிக் கணக்கில் வென்றார். அப்போது அவருக்கு வயது 18. அங்கே மோதியது இரண்டே பேர். உலகம் முழுவதும் இத்தனை பேர் செஸ் ஆடும்போது, அந்த இருவரை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்? டிங் லிரென் அப்போதைய சாம்பியன். அவரை எதிர்ப்பது யார் என்று முடிவு செய்யத்தான் தனிப் போட்டி. அதற்குப் பல முறைகள் உண்டு.

நாக்-அவுட்: தோற்றவர் வெளியேறுவார். 16 பேர் இருந்தால் 15 மோதல்கள் போதும். ஏன் தெரியுமா? ஒவ்வொரு மோதலிலும் ஒருவர் வெளியேறுகிறார். சாம்பியனைத் தவிர 15 பேர் வெளியேற வேண்டும். சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால், காய்ச்சலோடு ஆடி ஒரு நாள் தோற்றாலும் வீட்டுக்குத்தான்!

லீக்: எல்லாரும் எல்லாரோடும் ஆட வேண்டும். அதே 16 பேருக்கு 120 ஆட்டங்கள்! நாளாகும், ஆனால் ஒரு தோல்வியைச் சரிக்கட்ட முடியும். 2024-ல் டொரண்டோவில் 8 பேர், ஒவ்வொருவரோடும் இரண்டு முறை ஆடினார்கள். அதில் முதலிடம் பெற்றுத்தான் குகேஷ் சிங்கப்பூர் போனார்.

ஸ்விஸ் முறை: யாரும் வெளியேறுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய சமமான புள்ளிகள் பெற்றவர்கள் மோதுவார்கள். 2022-ல் மாமல்லபுரம் ஒலிம்பியாட்டின் பொதுப் பிரிவில் 180-க்கும் மேற்பட்ட அணிகள் ஆடின. லீக் முறை என்றால் ஆறு மாதம் ஆகியிருக்கும். ஸ்விஸ் முறையில் 11 சுற்றுகளில் முடிந்தது!

முறை சரியில்லாவிட்டால் என்ன ஆகும்? 1997 டிசம்பரில் விஸ்வநாதன் ஆனந்த் நாக்-அவுட்டில் பலரை வென்று இறுதிக்கு வந்தார். எதிரே கார்போவ், அவருக்கு நேரடியாக இறுதிப் போட்டியில் இடம் கொடுத்திருந்தார்கள். சில நாட்களிலேயே, களைப்போடு ஆனந்த் ஆட வேண்டியதாயிற்று. 3 - 3 என்று சமன் செய்தவர், அதன்பின் நடந்த அதிவேக ஆட்டங்களில் தோற்றார். விதியே ஒருவருக்குச் சாதகமாக இருந்தால் அது நியாயமா?

ஆனால் ஆனந்த் சோர்ந்துவிடவில்லை. 2000-ல் நாக்-அவுட், 2007-ல் லீக், 2008-ல் இருவர் மோதல் என மூன்று முறைகளிலும் உலகப் பட்டம் வென்று காட்டினார்!

உங்கள் பள்ளியில் கேரம் போட்டி வைத்தால் எந்த முறை நல்லது? எத்தனை பேர், எத்தனை பலகை, எத்தனை நாள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். முறையை முதல் ஆட்டத்துக்கு முன்பே எல்லாருக்கும் அறிவித்துவிடுங்கள். அப்போதுதான் தோற்றவரும் கைகுலுக்குவார்!