சுவருக்கு முளைத்த காது

"சுவருக்கும் காது உண்டு" என்று நம் பாட்டிமார் எச்சரித்து வந்தார்கள். விஞ்ஞானிகள் அந்தப் பழமொழியை மெய்யாக்கிவிட்டார்கள்.

குமாரபாளையத்து விசைத்தறிக் கூடத்தில் பக்கத்தில் நிற்பவர் பேச்சே காதில் விழாது. மனிதக் காதுக்கே இத்தனை சிரமமென்றால், உயிரற்ற யந்திரத்தின் கதி என்ன? 1952-ல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச் சாலையார் செய்த 'ஆட்ரி' யந்திரத்துக்கு 0 முதல் 9 வரையுள்ள எண்கள் மட்டுமே விளங்கின. 1962-ல் ஐ.பி.எம். கம்பெனியாரின் யந்திரம் 16 வார்த்தைகள் கற்றிருந்தது.

1971-ல் அமெரிக்க ராணுவ இலாகாவின் ஆராய்ச்சிப் பிரிவு இதற்கென 5 வருஷத் திட்டம் ஒன்று வகுத்துப் பணத்தைக் கொட்டியது. அதன் பயனாக, 1976-ல் கார்னெகி மெலன் ஸர்வகலாசாலையில் உருவான 'ஹார்ப்பி' 1,011 வார்த்தைகளை அறிந்துகொண்டது. அங்கே இத்துறையை வளர்த்தவர் ராஜ் ரெட்டி. சென்னை கிண்டி இஞ்சினீயரிங் காலேஜில் படித்தவர். நம்மவர் கீர்த்தியில் நாம் மகிழ்வது நியாயமே.

ஆனால் அதே 1976-ல் ஜோஸப் வைஸன்பாம் என்ற பேராசிரியர் ஓர் அச்சத்தை வெளியிட்டார். இந்த யந்திரம் தேறிவிட்டால் ஜனங்களின் பேச்சை ஒட்டுக்கேட்பது ஸர்க்காருக்கு வெகு சுலபமாகிவிடும் என்றார். இளம்பிராயத்தில் ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர் அவர். அவர் பயம் வீண் போகவில்லை. அமெரிக்க வேவு இலாகா, பேச்சை எழுத்தாக்கித் தேடும் யந்திரங்களைப் பயன்படுத்தி வந்தது, ஸ்னோடன் வெளியிட்ட ரகசியப் பத்திரங்களிலிருந்து 2015-ல் அம்பலமாயிற்று.

அன்னிய ஆட்சியில் நம் தேசியக் கூட்டங்களுக்கு ஸி.ஐ.டி.க்காரர் நோட்டும் பென்ஸிலுமாக வருவார். ஒரு மேடைக்கு ஓர் ஆள் வேண்டும். வீட்டுக்கு வீடு ஆள் வைக்க வெள்ளைக்காரன் கஜானாவாலும் முடியாது. அந்த இயலாமையே நமக்கு ஒரு காவலாக இருந்தது. யந்திரமோ உறங்குவதில்லை, சம்பளமும் கேட்பதில்லை.

சுதந்திரம் வந்த பின்னும் 1885-ம் வருஷத்துத் தந்திச் சட்டமே டெலிபோனை ஒட்டுக்கேட்க அதிகாரம் தந்து வந்தது. டெலிபோன் பேச்சு அந்தரங்க உரிமையில் அடங்கும் என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. உள்துறைக் காரியதரிசியின் உத்தரவு வேண்டும், அதை ஒரு குழு பரிசீலிக்க வேண்டும் என்றும் விதித்தது. 2023-ம் வருஷத்துத் தொலைத்தொடர்புச் சட்டத்திலும் ஒட்டுக்கேட்கும் அதிகாரம் நீடிக்கிறது. உத்தரவிடுபவரும் அதிகாரி, பரிசீலிப்பவர்களும் அதிகாரிகளே!

யந்திரம் நம் பாஷையைக் கற்பதை நாம் வெறுக்கவில்லை. 2022-ல் ஸர்க்கார் தொடங்கிய 'பாஷிணி' போன்ற ஏற்பாடுகளால், எழுத்தறியாத தறிக்காரரும் வாயால் கேட்டே விவரம் பெற வழி பிறக்கிறது. அந்தக் காதே அவர் வீட்டுப் பேச்சை அவரறியாமல் கேட்கலாகாது. ஒட்டுக்கேட்கும் ஒவ்வோர் உத்தரவும் ஒரு நீதிபதியின் பார்வைக்கு வரவேண்டும். ஓட்டுக் கேட்டு வரும் கனவான்களிடம் நேயர்கள் இதைத் தயங்காமல் கேட்கலாம்.