கதவில் எழுதிய பெயர் யாருடையது?

மாண்புமிகு போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் சியூ ஃபூக் அவர்களுக்கு,



சுபாங் ஜெயாவில் சிறிய லோரி நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். என்னிடம் வருபவர்கள் ஒன்றோ இரண்டோ லோரி வைத்து ஓட்டுபவர்கள். அவர்களில் பாதிக்கு மேல் தமிழர்கள். அவர்களுடைய கணக்கில் மாதம் தவறாமல் வரும் ஒரு செலவைப் பற்றித்தான் இந்த மடல். ரசீதில் அதற்கு 'நிர்வாகக் கட்டணம்' என்று பெயர். வாயால் சொல்லும்போது எல்லாரும் 'பெர்மிட் சேவா', அதாவது உரிம வாடகை, என்பார்கள்.

உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. 2010-ஆம் ஆண்டின் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டப்படி, கூலிக்குப் பிறர் சரக்கை ஏற்றும் லோரிக்கு 'ஏ' உரிமம் வேண்டும். தன் சொந்தச் சரக்கை ஏற்றுவதற்கு 'சி' உரிமம். உரிமம் தருவது தரைப் பொதுப் போக்குவரத்து முகமையான அபாட். சேவா முறையில் அந்த உரிமத்தைப் பெற்ற நிறுவனம் ஒன்று. லோரியை வாங்கி, டயர் மாற்றி, ஓட்டுநருக்குச் சம்பளம் கொடுத்து ஓட்டுபவர் இன்னொருவர். முன்னவர் பெயர் கதவில் இருக்கும். பின்னவர் பெயர் எங்கும் இருக்காது.

லோரியின் உடம்பில் என்னென்ன எழுதியிருக்க வேண்டும் என்பதில் நம் விதிகள் கண்டிப்பானவை. நிறுவனத்தின் பெயர், முகவரி, உரிம வகை, வெற்று எடை, சுமையோடு செல்லக்கூடிய எடை எல்லாம் படிக்கும்படி எழுதியிருக்க வேண்டும். பின்புறம் வேக வரம்பு ஒட்டியிருக்க வேண்டும். டிரெய்லருக்குத் தனிப் பதிவு, 'டி' என்று தொடங்கும் தனி எண்பலகை. எழுத்து அழிந்திருந்தால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அதிகாரி சம்மன் எழுதலாம். ஆனால் எழுத்து பளிச்சென்று இருந்து, அதில் உள்ள பெயர்தான் பொய் என்றால்? சாலையோரச் சோதனையில் அதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

இதன் விலை என்ன என்பதை 2025-ஆம் ஆண்டு காட்டிவிட்டது. மே 13 அன்று, தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமி விழாவின் பாதுகாப்புப் பணியை முடித்துத் திரும்பிய கலகத் தடுப்புப் போலீஸ் வாகனத்தில் கல் ஏற்றி வந்த லோரி மோதியது. 9 பேர் இறந்தார்கள். நம் விழாவுக்குக் காவல் நின்றவர்கள் அவர்கள். லோரியில் இருந்தது அனுமதித்த எடைக்கு மேற்பட்ட சுமை. ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜூன் 9 அன்று கெரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் பேருந்து கவிழ்ந்து, சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் மடிந்தார்கள். அந்தப் பேருந்தின் பெர்மிட் வேறொருவருக்குக் குத்தகைக்கு விடப்பட்டிருந்தது என்று சொல்லி, உரிமத்தை ரத்து செய்தது உங்கள் அமைச்சுதான்.

ரத்து சரியே. அக்டோபர் 2025 முதல் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கட்டம் கட்டமாகக் கட்டாயமாக்கியதும் சரியே. ஆனால் கருவியை யார் பராமரிப்பது? வாகனப் பரிசோதனைக்காகப் புஸ்பாகோமுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போகும் லோரி, இடையில் உள்ள நாட்களில் யார் பொறுப்பில் ஓடுகிறது? கதவில் பெயர் உள்ளவர் லோரியைக் கண்ணால் பார்த்தே வருடக்கணக்காகியிருக்கலாம். பிரேக்கைப் பார்க்க வேண்டியவரோ சட்டத்தின் கண்ணுக்கு இல்லாத ஆள். பொறுப்பு இருவருக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது.

எல்லையில் நிலைமை வேறு. மலேசிய லோரி ஜொகூர் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்குள் போவதற்கு, அந்நாட்டின் தரைப் போக்குவரத்து ஆணையத்திடம் அந்த வண்டிக்கென்றே சரக்கு வாகன அனுமதி எடுக்க வேண்டும். வடக்கில் தாய்லாந்து வாகனம் நம் பக்கம் வருவதற்கு, நம் அதிகாரிகள் படிக்கும்படி ரோமன் எழுத்தில் எண்பலகை மாட்டியிருக்க வேண்டும். ஆசியான் நாடுகள் 1998 டிசம்பரில் ஹனோயில் கையெழுத்திட்ட இடைவழிச் சரக்கு ஒப்பந்தம் இருபது ஆண்டுகளுக்கு மேல் காகிதத்தில் உறங்கினாலும், 2020 நவம்பரில் ஆசியான் சுங்க இடைவழி முறை நடப்புக்கு வந்துவிட்டது. மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம் ஆகிய நாடுகளுக்கிடையே ஒரே அறிவிப்பு, ஒரே உத்தரவாதம் ஆகியவற்றோடு, எல்லைக்கு எல்லை சரக்கை வேறு லோரிக்கு மாற்றாமல் போகலாம். வழியில் சரக்கு காணாமற்போனால் வரியை யார் கட்டுவது என்பதற்கு, லோரி கிளம்பும்போதே ஒரு பெயர் உறுதி கொடுத்திருக்கும்.

சுங்க வரிக்கு ஒரு பெயர் பதில் சொல்கிறது. கிள்ளான் துறைமுகத்திலிருந்து கெசாஸ் நெடுஞ்சாலையில், எங்கள் வீடுகளைத் தாண்டி, இரவும் பகலும் ஓடும் லோரியின் பிரேக்குக்கு அப்படி ஒரு பெயர் இல்லை. ஆண்டுக்கு 1 கோடியே 40 லட்சத்துக்கு மேற்பட்ட கண்டேனர் அலகுகளைக் கையாளும் துறைமுகம் அது. அங்கிருந்து புறப்படும் சுமையின் ஒரு பகுதி இரவல் பெயரில்தான் ஓடுகிறது.

"சேவாவுக்கு எடுப்பவர்களைப் பிடித்து உள்ளே போடுங்கள்" என்று சொல்வது எளிது. அவர்கள் ஏன் எடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். 1976-இல் நகரமாக எழத் தொடங்குவதற்கு முன் சுபாங் ஜெயா சீஃபீல்ட் தோட்டமாக இருந்தது. இப்படித் தோட்டங்கள் நகரங்களான போது வெளியே வந்த தமிழ்க் குடும்பங்களின் ஆண்களுக்குக் கைகொடுத்த தொழில்களில் லோரி ஓட்டுவது முக்கியமானது. அப்பா ஓட்டுநர், மகன் சொந்த லோரி கனவு காண்கிறான். 'ஏ' உரிமத்துக்கு விண்ணப்பிக்கப் போனால் செலுத்தப்பட்ட மூலதனம் கேட்கிறார்கள், லோரி நிறுத்தும் இடம் கேட்கிறார்கள், சரக்கு தருபவரின் கடிதம் கேட்கிறார்கள். ஒற்றை லோரிக்காரன் இவற்றுக்கு எங்கே போவான்? ஏற்கெனவே உரிமம் உள்ள நிறுவனத்திடம் போகிறான்.

அதற்குப் பிறகு நடப்பதை நான் தாள் தாளாகப் பார்க்கிறேன். லோரியின் பதிவு பெர்மிட் வைத்திருப்பவர் பெயரில். வங்கித் தவணையும் அந்தப் பெயரில். தவணையைக் கட்டுவது மட்டும் இவன். 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 3 ரிங்கிட் 35 காசாக ஏறியபோது, சரக்கு லோரிகளுக்கு 2 ரிங்கிட் 15 காசில் கிடைக்க அரசு மானிய அட்டை கொடுத்தது. நல்ல திட்டம். அந்த அட்டையும் பதிவில் உள்ள பெயருக்கே போகும். கையில் கிடைப்பதும் கிடைக்காததும் பெர்மிட்காரரின் மனத்தைப் பொறுத்தது. மாதச் சேவா, தவணை, காப்புறுதி, டீசல் எல்லாம் போக மிஞ்ச வேண்டுமானால் ஒரு நடையில் கொஞ்சம் கூடுதலாக ஏற்ற வேண்டும், டயரை இன்னும் கொஞ்ச நாள் ஓட்ட வேண்டும். அதிகச் சுமை ஓட்டுநரின் பேராசையால் மட்டும் வருவதில்லை, அமைச்சர் அவர்களே. ஓட்டாதவருக்கு மாதாமாதம் போகும் பணத்தாலும் வருகிறது.

எனவே நான் கேட்பவை இவை.

ஒன்று, ஒற்றை லோரி உரிமையாளர் தன் பெயரிலேயே 'ஏ' உரிமம் பெற வழி செய்யுங்கள். மூலதனமும் நிறுத்துமிடமும் தனி ஆளுக்குப் பெரிய சுமை. கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து அவற்றைக் காட்ட அனுமதிக்கலாம். பாதுகாப்பு நிபந்தனைகளில் மட்டும் சலுகை வேண்டாம்.

இரண்டு, கெடு வைத்து ஒரு வாய்ப்பு கொடுங்கள். அதற்குள் குத்தகையை அறிவித்து, பதிவையும் கடனையும் உண்மையில் ஓட்டுபவர் பெயருக்கு மாற்றுபவர் மேல் நடவடிக்கை வேண்டாம். கெடு முடிந்த பின் பிடிபட்டால் இருவருக்கும் தண்டனை. பெயரை வாடகைக்கு விட்டவருக்குக் கூடுதலாக.

மூன்று, கதவில் உரிம எண்ணையும் கைப்பேசியில் படிக்கும் கியூஆர் குறியீட்டையும் கட்டாயமாக்குங்கள். உரிமம் யாருடையது, வண்டியை நடத்துபவர் யார், கடைசிப் பரிசோதனை எப்போது, காப்புறுதி நடப்பில் இருக்கிறதா என்ற நான்கும் அதில் தெரிய வேண்டும். தனியார் வாகனங்களுக்குச் சாலை வரி ஒட்டுவில்லை தேவையில்லை, கைப்பேசியிலேயே காட்டலாம் என்று 2023 பிப்ரவரியில் அறிவித்தவர் நீங்கள். காருக்கு முடிந்தது லோரிக்கும் முடியும்.

நான்கு, சரக்கு ஏற்றிவிடுபவரையும் இதில் சேருங்கள். கல்குவாரியோ கிடங்கோ தொழிற்சாலையோ, அந்தக் குறியீட்டைச் சரிபார்க்காமல் சுமை ஏற்றினால் அவர்களும் பதில் சொல்ல வேண்டும். எடை மீறல் நெடுஞ்சாலையில் பிறப்பதில்லை. ஏற்றும் இடத்திலேயே பிறந்துவிடுகிறது.

ஐந்து, உள்நாட்டுக்கும் எல்லைக்கும் ஒரே பதிவேடு இருக்கட்டும். சிங்கப்பூருக்கும் தாய்லாந்துக்கும் போகும் லோரி அங்கே காட்டும் பெயரும் இங்கே கதவில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பெரிய நிறுவனங்கள் மறுக்கும் என்பது தெரியும். பெர்மிட் சேவா பலருக்கு வியர்வை இல்லாத வருமானம். என் வாடிக்கையாளர்களிலும் சிலருக்கு இது பிடிக்காது; பதிவு மாறும்போது செலவு உண்டு, பழைய சம்மன்கள் வெளியே வரும். ஆனாலும் பெரும்பாலோர் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: என் லோரியில் என் பெயரை எப்போது எழுதலாம்? அதற்கு நாள் குறிக்கும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. சட்டத் திருத்தம் தேவையென்றால் அடுத்த நாடாளுமன்றக் கூட்டத்திலேயே கொண்டு வாருங்கள். திருத்தம் தேவைப்படாத பகுதிகளை அபாட்டும் ஜேபிஜேயும் இந்த ஆண்டுக்குள் தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
சிறு லோரி நிறுவனங்களின் கணக்கர் ஒருவர்,
சுபாங் ஜெயா