எடைக்குப் போக இருந்த கடைசல் மெஷின்

சென்ற இதழில் பழைய தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுவது பற்றி எழுதினாலும் எழுதினேன், "உங்கள் வீட்டில் இன்னும் என்னென்ன பழைய இரும்பு இருக்கிறது?" என்று ஒரு சகோதரி கேட்டுவிட்டார். இருக்கிறது அம்மா! எங்கள் வீட்டுப் பின் தாழ்வாரத்தில் என் மாமனாரின் மரக் கடைசல் மெஷின் இருக்கிறது. நாலு பேர் சேர்ந்தாலும் நகர்த்த முடியாத வார்ப்பிரும்பு. பெயர்த் தகடு எப்போதோ விழுந்துவிட்டது. தையல் மெஷின் மாதிரியே காலால் மிதித்தால் பெரிய சக்கரம் சுற்றும். தோல் பெல்ட் மேலே உள்ள கதிரைச் சுழற்றும். அதில் மாட்டிய மரத்தில் உளியை வைத்தால் கட்டில் கால், மத்து, பம்பரம் எல்லாம் உருண்டு திரண்டு வரும்.

எங்கள் வீடு ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில், செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில். மகரிஷியே தேங்காய்ச் சிரட்டையைத் தேய்த்துத் தேய்த்துக் கிண்ணமாக்கி மெருகேற்றுவாராம். "அந்தப் பொறுமை இருந்தா மெஷினே வேண்டாம்டா" என்று மாமா சொல்வார். அவர் போன பிறகு அதன் மேல் நெல் மூட்டையும் மயில் எச்சமும்தான்.

என் வீட்டுக்காரர் ரிடையர் ஆன மறு மாதம், "இதை எடைக்குப் போட்டுடலாமா?" என்றார். அந்தச் சமயம் பார்த்து மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். "பேத்திக்கு ஒரு நடைவண்டி செஞ்சு கொடுத்துட்டு அப்புறம் போடுங்க" என்றேன். விதி அங்கேதான் ஆரம்பித்தது.

சக்கரம் அசையவே இல்லை. சுத்தியலால் தட்டச் சொல்லாத ஆள் இல்லை. சகோதரிகளே, வார்ப்பிரும்பைத் தட்டாதீர்கள்! அது வளையாது, விரிசல் விட்டுவிடும். பிறகு ஒட்டுவது பெரும்பாடு. நிஜத்தில் எங்கள் மெஷின் துருவால் இறுகவில்லை. அந்தக் காலத்தில் விளக்கெண்ணெய் விட்டிருக்கிறார்கள், அது வருஷக்கணக்கில் பிசினாகிக் கிடந்தது. மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு நாலு நாள் ஊற வைத்தோம் (அடுப்பு, சாமி விளக்குப் பக்கம் வேண்டாம்). ஐந்தாம் நாள் காலை கையாலேயே சுற்றியது. கதிர் ஓடுகிற வெண்கலப் புஷ்கள் தேயாமல் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். அவற்றுக்கு இனி நல்ல மெஷின் எண்ணெய் மட்டும்தான்.

துருப்பிடித்த போல்ட், நட்டுகளுக்கு என் வைத்தியம், கெட்டியான புளிக் கரைசல். பித்தளைக் குடத்தைப் பளபளப்பாக்கும் அதே புளிப்பு துருவையும் கரைக்கும். ஒரு ராத்திரி ஊறப் போட்டுத் தேய்த்து, சோடா உப்புத் தண்ணீரில் அலசி, உடனே துடைத்து எண்ணெய் தடவ வேண்டும். அலசாமல் விட்டால் மறுநாளே செம்மண் நிறம் வந்துவிடும்.

இனி நான் செய்த தப்பு. மெஷின் முழுக்கப் பச்சைப் பெயின்ட், செதில் செதிலாக உரிந்து நின்றது. உப்புத்தாளை எடுத்துப் பரபரவென்று தேய்க்க ஆரம்பித்தேன். பச்சைத் தூசி பறக்கிறது. பத்தடி தள்ளி ஒன்பது மாதக் குழந்தை தவழ்ந்து கொண்டிருக்கிறாள். மகள் ஓடி வந்தாள். "அம்மா, நிறுத்தும்மா! பழைய பெயின்ட்ல ஈயம் இருக்கும்மா!"

எனக்கு அதுவரை தெரியாது. நம் நாட்டில் வீட்டுப் பெயின்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட், அதிலும் இரும்புக்கு அடித்தது என்றால் ஈயம் இருக்கிறது என்றே நினைத்துக்கொள்ள வேண்டும். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடம்பு நாலைந்து மடங்கு ஈயத்தை இழுத்துக் கொள்ளுமாம். அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தவழ்கிற குழந்தையோ தரையைத் தொட்ட கையை அப்படியே வாயில் வைக்கும். பேத்திக்கு ரத்தப் பரிசோதனை செய்து, பயப்படும்படி ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

அதற்கப்புறம் குழந்தையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு, பெயின்டை நனைத்து நனைத்து, ஈரத்தோடு சுரண்டினேன். கீழே பழைய பிளாஸ்டிக் விரிப்பு. சுரண்டலைச் சுருட்டிக் கட்டினோம், கொளுத்தவில்லை. விளக்குமாறு போடாமல் ஈரத்துணியால் துடைத்தோம். கட்டிய புடவையைத் தனியாகத் துவைத்தேன்.

அடுத்தது மோட்டார். "இந்த வயசுல மிதிக்க முடியாது" என்று அவர் அரை குதிரைச் சக்தி மோட்டார் ஒன்று வாங்கி வந்தார். பௌர்ணமிக் கூட்டத்தில் எங்கள் தெருவுக்கு ஆட்டோகூட வராது; எலக்ட்ரீஷியன் வர மூன்று நாள் ஆயிற்று. மோட்டார் நிமிஷத்துக்கு 1440 சுற்று. பழைய புஷ்களுக்கு அந்த வேகம் ஆகாது, நடைவண்டிச் சக்கரம் போன்ற அகலமான மரத்துக்கும் ஆகாது. மோட்டாரில் இரண்டு அங்குலப் புல்லி, மெஷினில் ஆறு அங்குலப் புல்லி போட்டதும் வேகம் மூன்றில் ஒன்றாக, 480 ஆகக் குறைந்தது.

எல்லாம் சரி, ஒன்றை மட்டும் நாங்கள் யோசிக்கவில்லை. மிதிக்கும் மெஷின் நாம் காலை எடுத்தால் ஓய்ந்துவிடும். தையல் மெஷினுக்கு மோட்டார் போட்டாலும் காலடியில் பெடல் இருக்கிறது. இந்த மோட்டாருக்கு அப்படி யாரும் இல்லை! ஒருநாள் காலை பதினொரு மணிக்குக் கரண்ட் போயிற்று. அவர் ஸ்விட்சை அணைக்காமல் காபிக்கு உள்ளே போய்விட்டார். நான் சுருள் தூளை அள்ளக் குனிந்தேன். கரண்ட் வந்தது. என் முந்தானை பெல்ட்டில்! பழைய வாயில் புடவை, ஒரு முழம் கிழிந்து கொண்டு போயிற்று. பட்டாகவோ பாலியெஸ்டராகவோ இருந்திருந்தால் துணி கிழிந்திருக்காது, நான்தான் போயிருப்பேன். அன்று முழுவதும் அவர் என்னோடு பேசவில்லை. கோபமில்லை, பயம்.

மறுநாள் தேரடித் தெருவில் ஒரு கடையில் ஸ்டார்ட்டர் வாங்கினார். கிணற்று மோட்டாருக்கு வைக்கிற, பச்சை சிவப்புப் பொத்தான் உள்ள பெட்டிதான். உள்ளே உள்ள காந்தம் மின்சாரம் இருக்கும்வரைதான் இணைப்பைப் பிடித்துக்கொள்ளும். கரண்ட் போனால் விட்டுவிடும். திரும்ப வந்தாலும் யாராவது பச்சையை அமுக்கினால்தான் ஓடும். மோட்டார் விலையோடு பார்த்தால் அது பெரிய செலவில்லை, அதை முதலில் வாங்கியிருக்க வேண்டும். பெல்ட்டுக்குத் தகரக் கூண்டு போட்டோம். எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, ஷாக் அடித்தால் தானே துண்டிக்கும் சாதனமும் வைத்தோம். இப்போது நான் பக்கத்தில் போனால் முந்தானையை இழுத்துச் செருகி, மேலே அவருடைய பழைய அரைக்கைச் சட்டை. வளையல் கழற்றியாக வேண்டும், கொண்டை போட்டாக வேண்டும். கையுறை மட்டும் கூடவே கூடாது. கையைக் காப்பாற்றும் என்று நினைப்போம், சுழலும் மரம் அதைப் பிடித்தால் கையோடு இழுக்கும்.

தூசியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மரத்தூள்தானே என்று அலட்சியம் வேண்டாம். மூக்கு, சைனஸ் பகுதிகளில் புற்றுநோய் உண்டாக்குவது என்று அதை 1995-லேயே சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. தேக்கு, ஈட்டித் தூள் சிலருக்கு அரிப்பும் இழுப்பும் தரும். கைக்குட்டை கட்டினால் நுண்தூள் நிற்காது. கொரோனா சமயத்தில் போட்டோமே, அந்த என்-95 மாஸ்க் வேண்டும்.

நடைவண்டிக்கு வெட்பாலை மரம் கிடைத்தது. ஆமாம், தோல் வியாதிக்குத் தேங்காய் எண்ணெயில் இலையைப் போட்டு வெயிலில் வைக்கிறோமே, அதே வெட்பாலை! சென்னபட்டணத்துப் பொம்மைகளுக்கும் இந்த மரம்தான். சாயம் கலந்த அரக்குக் குச்சியை ஓடும் மரத்தில் அழுத்தினால் சூட்டில் உருகித் தானே படியும். பிறகு தாழை ஓலையால் மெருகு போடுவார்கள். நாங்களும் செய்து பார்த்தோம். முதல் சக்கரம் திட்டுத் திட்டாக வந்தது, மூன்றாவது பரவாயில்லை. அந்த முதல் சக்கரத்தை முன்னால் போட்டிருக்கிறோம். மகள் தினமும் கிண்டல் செய்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தி அதைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் நடந்தாள். கீச் கீச் என்று தெருக்கோடிவரை கேட்கிற சத்தம். "எண்ணெய் விடலாமா?" என்று அவர் பதறிக்கொண்டு வந்தார். மர அச்சுக்கு எண்ணெய் வேண்டாம் என்று சொல்லி, ஒரு துண்டு மெழுகுவத்தியைத் தேய்த்தேன். சத்தம் நின்றது. குழந்தை அழ ஆரம்பித்துவிட்டாள்.