சூரியன் ஊதும் காற்று

குருசுக்குப்பம் கரையில் வலையின் கிழிசலைச் சரிசெய்துகொண்டிருந்த பெரியவரிடம் ‘சூரியக் காற்று’ பற்றிப் பேச்சு வந்தது. “மேல போனா காத்தே கெடையாதுன்றாங்களே தம்பி, அப்புறம் ஏது சூரியக் காத்து?” என்றார்.

நியாயமான கேள்வி. இது ஃபேன் காற்று இல்லை. சூரியனின் வெளி மண்டலம் பத்து லட்சம் டிகிரி கொதிக்கிறது. அதன் ஈர்ப்பையும் மீறிப் பிய்த்துக்கொண்டு வரும் புரோட்டான், எலெக்ட்ரான் கூட்டம்தான் இது. சாதாரண நாளில் வேகம் விநாடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர். பாண்டியிலிருந்து சென்னைக்கு அரை விநாடிகூட ஆகாது. (ஈ.சி.ஆர். டிராஃபிக் தனிக் கணக்கு.)

இதில் பெரும்பகுதி நம்மை அண்டாமல் பார்த்துக்கொள்வது பூமியின் காந்தப் புலம். எப்படி? நங்கூரம் போட்ட படகை நினைத்துக்கொள்ளுங்கள். நீரோட்டம் அணியத்தில், அதாவது படகின் மூக்கில், முட்டி எழும்பும். இரு பக்கமும் பிரியும். பின்னால் நீளமாக வால் விட்டுப் போகும். மேலேயும் அதே கதைதான். சூரியனைப் பார்த்த பக்கத்தில் சுமார் 65,000 கிலோமீட்டர் தூரத்திலேயே காற்றை விலக்கிவிடுகிறது காந்தப் புலம். மறுபக்கம் அதன் வால் நிலாவையும் தாண்டி நீள்கிறது.

ஓட்டை விழுவதும் உண்டு. சூரியக் காற்று தன்னோடு கொஞ்சம் காந்தப் புலத்தையும் சுமந்து வருகிறது. அது தெற்கு பார்த்து இருந்துவிட்டால், வடக்கு பார்த்த நம் புலத்தோடு பின்னிக்கொள்ளும். கதவு திறந்துவிடும். மாமூல் வாங்கிய வாட்ச்மேன் மாதிரி.

1859 செப்டம்பர் 2-ல் அப்படித்தான் திறந்தது. பம்பாய் கொலாபா ஆய்வகத்தில் கருவியைக் கண்ணால் பார்த்துக் கையால் குறித்துக்கொண்டிருந்தார்கள். காந்தப் புலம் சுமார் 1,600 நானோடெஸ்லா சரிந்தது. வழக்கமான அளவில் ஏறக்குறைய நூற்றுக்கு நாலு பங்கு. அமெரிக்காவில் பேட்டரியைக் கழற்றிய பிறகும் தந்தி ஓடியது!

அன்றைக்குக் கெட்டுப்போக தந்தி மட்டும்தான் இருந்தது. இன்றைக்கு மின்கட்டமைப்பு, சாட்டிலைட், மீன்பிடிப் படகில் ஜி.பி.எஸ். எல்லாம் இருக்கிறது.

அதே செப்டம்பர் 2-ல், 2023-ம் வருடம், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆதித்யா-எல்1 கிளம்பியது. திட்ட இயக்குநர் நம்ம செங்கோட்டை நிகர் ஷாஜி. பூமிக்கு 15 லட்சம் கிலோமீட்டர் முன்னால் நின்று அது காற்றை அளக்கிறது. அதைக் கடந்த காற்று நம்மிடம் வந்து சேர ஏறக்குறைய ஒரு மணி நேரம். புயல் என்றால் இன்னும் குறைவு. உஷாராவதற்கு அவ்வளவுதான் அவகாசம்.

நம் ஆபீஸ்களில் ஒரு ஃபைல் அடுத்த மேஜைக்கு நகர ஆகும் நேரத்தை நினைத்தால்தான் எனக்குக் கொஞ்சம் கவலை.