கரண்ட் போனா உங்க மாடி சோலாரும் ஏன் நிக்குது? ஒரு கோடி வீடுகளின் இன்வெர்ட்டர் கேள்வி

உச்சி வெயில் கொளுத்துது. மொட்டைமாடியில் 3 கிலோவாட் சோலார் பேனல் முழு வேகத்தில் மின்சாரம் தயாரிக்குது. திடீர்னு தெருவில் கரண்ட் போகிறது. உங்கள் வீட்டு ஃபேனும் நின்றுவிடுகிறது. ‘தலைக்கு மேல இவ்வளவு வெயில், லட்சக்கணக்கில் செலவு வேற. அப்புறம் எதுக்கு இந்த சோலார்?’ என்று கேட்கத் தோன்றும்.

பேனலில் எந்தக் கோளாறும் இல்லை. கரண்ட் போனால் நிற்க வேண்டும் என்றுதான் அதன் இன்வெர்ட்டரை வடிவமைத்திருக்கிறார்கள். அதன் காரணம் புரிந்தால், நாட்டின் மின்சாரத்துறை இன்று எதைப் பற்றிக் கவலைப்படுகிறது என்பதும் புரிந்துவிடும்.

இன்வெர்ட்டர் என்னதான் செய்யுது?

பேனல் கொடுப்பது ஒரே திசையில் ஓடும் மின்சாரம், அதாவது டிசி. உங்கள் வீட்டுக்குத் தேவை 230 வோல்ட்டில், நொடிக்கு 50 முறை அலையடிக்கும் ஏசி. இன்வெர்ட்டருக்குள் இருக்கும் மின்னணு ஸ்விட்சுகள் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடி அந்த அலையை உருவாக்குகின்றன. அலை சீராக இருந்தால் மின்சாரம் தரமானது. பழைய மலிவான இன்வெர்ட்டரில் ஃபேன் ‘ம்ம்ம்’ என்று உறுமுவதைக் கேட்டிருப்பீர்கள். அலை சதுரம் சதுரமாக வெட்டுப்பட்டு வருவதால்தான் அந்தச் சத்தம்.

மாடிகளில் பெரும்பாலும் பொருத்தப்படுவது ஆன்-கிரிட் இன்வெர்ட்டர். இது தானாக அலையைத் தொடங்காது. கிரிட்டில் வரும் அலையைக் கவனித்து, அதோடு சேர்ந்துகொள்ளும். கச்சேரியில் பாடகர் சுருதிப் பெட்டியைக் கேட்டுப் பாடுவது போல. கிரிட்தான் சுருதி. சுருதி நின்றால் பாட்டும் நிற்க வேண்டும்.

இதில் உயிர்ப் பாதுகாப்பும் இருக்கிறது. கரண்டை நிறுத்திவிட்டு லைன்மேன் கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிறார். அப்போது உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் லைனுக்குள் போனால் அவர் உயிருக்கே ஆபத்து. அதனால், கிரிட் துண்டிக்கப்பட்ட 2 நொடிக்குள் இன்வெர்ட்டர் மின்சாரம் அனுப்புவதை நிறுத்திவிட வேண்டும் என்பது இந்திய விதி.

கரண்ட் போனாலும் வீட்டில் சோலார் ஓட வேண்டும் என்றால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும். அது வீட்டை லைனிலிருந்து பிரித்துவிட்டு, உள்ளே தானே சுருதி போட்டுக்கொள்ளும்.

ஒரு வீடு சரி, ஒரு கோடி வீடு?

2024 பிப்ரவரியில் தொடங்கிய ‘பிரதமரின் சூரிய வீடு’ திட்டத்தின் இலக்கு ஒரு கோடி வீடுகள். ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். 3 கிலோவாட் அல்லது அதற்கு மேல் வைத்தால் 78,000 ரூபாய் மானியம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கோடி வீடு, வீட்டுக்கு 3 கிலோவாட் என்றால் 30,000 மெகாவாட். இது எவ்வளவு பெரிய அளவு? 2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு நாடு முழுக்க 9 நிமிடம் விளக்கணைத்தது நினைவிருக்கும். அன்று சில நிமிடங்களில் குறைந்த மின்தேவை சுமார் 31,000 மெகாவாட். நேரம் முன்கூட்டியே தெரிந்ததால் பொறியாளர்கள் தயாராக இருந்தார்கள். பெரும்பகுதியை நீர்மின் நிலையங்களைக் குறைத்து, கூட்டிச் சமாளித்தார்கள்.

மாடி இன்வெர்ட்டர்கள் அப்படி நேரம் சொல்லிவிட்டு நிற்காது. எல்லாம் ஒரே நொடியில் நிற்கப்போவதில்லைதான். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே செட்டிங் இருந்தால், ஒரே கோளாறுக்கு எல்லாமே ஒரே மாதிரி எதிர்வினை காட்டும்.

ஜெர்மனி இதை அனுபவித்துப் பார்த்தது

ஐரோப்பாவிலும் கிரிட்டின் துடிப்பு நம்மைப் போலவே 50 ஹெர்ட்ஸ். அது 50.2-ஐத் தாண்டினால் உடனே கழன்றுவிட வேண்டும் என்று ஜெர்மனி தன் மாடி சோலார்களுக்கு ஒரு காலத்தில் விதி வைத்திருந்தது. சில ஆயிரம் வீடுகள் இருந்தவரை பிரச்சினை இல்லை. வீடுகள் லட்சக்கணக்கில் பெருகியதும்தான் ஆபத்து புரிந்தது. 50.2-ஐத் தொட்டால் பல ஆயிரம் மெகாவாட் ஒரே நொடியில் காணாமல் போகும்.

2012-இல் சட்டம் போட்டு, 3 லட்சத்துக்கும் மேற்பட்ட சோலார் அமைப்புகளின் இன்வெர்ட்டர்களை மாற்றியமைக்க உத்தரவிட்டார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஆள் போக வேண்டியிருந்தது. செலவு மின்கட்டணம் வழியாக மக்கள் தலையில் விழுந்தது. பொருத்தும் அன்றே சரியாக வைத்திருந்தால் கிட்டத்தட்ட செலவே இல்லாமல் முடிந்திருக்கும்.

ஸ்பெயினில் விளக்கு அணைந்தது ஏன்?

2025 ஏப்ரல் 28, பகல் 12:33. ஸ்பெயின், போர்ச்சுகல் இரண்டும் இருளில் மூழ்கின. ‘சோலார் அதிகமானதுதான் காரணம்’ என்று சமூக ஊடகங்கள் அன்றே தீர்ப்பு எழுதிவிட்டன. ஆய்வுகள் சொன்னது வேறு. வோல்டேஜ் எகிறியது. எகிறியதால் மின்நிலையங்கள் கழன்றன. அவை கழன்றதால் வோல்டேஜ் இன்னும் எகிறியது.

வோல்டேஜைக் கட்டுப்படுத்த வேண்டிய சில வழக்கமான மின்நிலையங்கள் அன்று போதுமான அளவு அதைச் செய்யவில்லை என்றது ஸ்பெயின் அரசின் அறிக்கை. சோலார், காற்றாலைகளோ வோல்டேஜ் ஏற இறங்க அதற்கேற்ப மாறும் முறையில் இயங்கவில்லை. அங்கிருந்த விதிப்படி நிலையான செட்டிங்கில்தான் ஓடின. நவீன இன்வெர்ட்டரால் வோல்டேஜைத் தாங்கிப் பிடிக்க முடியும். அங்கே விதி அந்த வேலையை அதற்குக் கொடுக்கவில்லை.

இந்தியா எங்கே நிற்குது?

நம் அனல்மின் நிலையங்களின் டர்பைன்கள் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழலும் ராட்சத இரும்பு. எங்காவது கோளாறு வந்தாலும் அந்தச் சுழற்சி சட்டென நிற்காது. கிரிட்டைக் காப்பாற்றச் சில நொடிகள் அவகாசம் தரும். சோலாரில் சுழலும் பொருள் எதுவும் இல்லை. அந்த அவகாசத்தை இன்வெர்ட்டரின் மென்பொருளும் பேட்டரியும்தான் தர வேண்டும். சுருதியைப் பின்தொடராமல் தானே சுருதி போடும் ‘கிரிட்-ஃபார்மிங்’ இன்வெர்ட்டர் பற்றி இப்போது எல்லோரும் பேசுவது இதனால்தான்.

2025 ஜனவரியில் இந்தியாவின் சோலார் திறன் 100 கிகாவாட்டைத் தாண்டியது. இதோடு எச்சரிக்கை மணியும் அடித்திருக்கிறது. ராஜஸ்தானின் சோலார் பகுதிகளில் 1,000 மெகாவாட்டுக்கும் மேற்பட்ட உற்பத்தி திடீரெனக் கழன்ற சம்பவங்கள் 2022 முதல் பலமுறை நடந்திருக்கின்றன. மத்திய மின்சார ஆணையம் அவற்றை ஆராய்ந்திருக்கிறது. 2012 ஜூலை 31 அன்று 60 கோடிக்கும் அதிகமான மக்கள் வாழும் பகுதியில் மின்சாரம் போன நாட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பெரிய சோலார் பூங்காக்களைக் கண்காணிக்க ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் மாடி இன்வெர்ட்டரின் செட்டிங்கை யார் பார்க்கிறார்கள்? பெரும்பாலும் பொருத்தவந்தவர் போனில் ஓகே அழுத்தியதோடு சரி.

நீங்கள் என்ன கேட்கணும்?

சோலார் போடும் யோசனை இருந்தால், அல்லது ஊரில் அப்பா அம்மா வீட்டுக்குப் போடப்போகிறார்கள் என்றால், விலை பேசும்போதே இந்த நான்கையும் கேட்டுவிடுங்கள்.

ஒன்று, இது ஆன்-கிரிட்டா, ஹைப்ரிட்டா? உங்கள் ஊரில் மின்வெட்டு அதிகமென்றால் ஹைப்ரிட் யோசிக்கலாம். ஆனால் பேட்டரிக்கு அந்த 78,000 ரூபாய் மானியம் கிடையாது.

இரண்டு, எந்த நாட்டு செட்டிங்கில் ஓடுகிறது? மெனுவில் இந்திய விதிக்கான தேர்வு இருக்கும். வேறு நாட்டுச் செட்டிங்கில் விட்டுவிட்டுப் போகவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

மூன்று, மதியம் வோல்டேஜ் எவ்வளவு வருது? தெருவில் பல வீடுகளில் சோலார் இருந்து, வீடுகளில் பயன்பாடு குறைவாக இருந்தால் வோல்டேஜ் ஏறும். 230-ஐவிட 10 சதவீதம் கூடி 253-ஐத் தாண்டினால் இன்வெர்ட்டர் கழன்றுகொள்ளும். நல்ல வெயிலில் யூனிட் குறைந்தால் முதலில் இதைப் பாருங்கள். மின்வாரியத்தில் புகார் கொடுக்கும்போது ஆப்பில் பதிவான வோல்டேஜைக் காட்டுங்கள்.

நான்கு, ஆப்பின் பாஸ்வேர்டு யாரிடம்? இணையம் வழியாக இன்வெர்ட்டரின் செட்டிங்கையே மாற்ற முடியும். கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். முதலில் கொடுத்த பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.

அரசு செய்ய வேண்டியதும் உண்டு. எத்தனை வீட்டில் பேனல் ஏறியது என்ற கணக்கு வருகிறது. எத்தனை இன்வெர்ட்டர் சரியான செட்டிங்கில் ஓடுகிறது என்ற கணக்கும் அதோடு வர வேண்டும். மானியம் விடுவிப்பதற்கு முன்பு இதைச் சரிபார்த்தால் செலவு சொற்பம். ஒரு கோடி மாடி ஏறி இறங்கிச் சரிசெய்ய வேண்டி வந்தால், அந்தச் செலவு சோலார் வைத்தவர், வைக்காதவர் எல்லோருடைய மின்கட்டணத்திலும்தான் வந்து சேரும்.