பக்கத்து அறையில் ஓதப்பட்ட வேதம்

கடவுளுக்கு உருவமில்லை, எல்லா மதமும் அன்பைத்தான் சொல்கிறது என்று பேசும் ஆன்மிக முற்போக்காளர்கள் இன்று பெருகியிருக்கிறார்கள். பாலஸ்தீனத்துக்காக வருந்துகிறார்கள், அமெரிக்கக் கறுப்பின மக்களுக்காகக் குரல் கொடுக்கிறார்கள். வரவேற்போம். ஆனால் சாதி என்று வந்தால் இவர்கள் எங்கே நிற்பார்கள்? வங்காளத்துப் பிரம்ம சமாஜத்தின் வரலாற்றைப் புரட்டினால் இதற்கு விடை கிடைக்கும்.

1821இல் நேப்பிள்ஸ் மக்களின் அரசியல் சட்ட ஆட்சியை ஆஸ்திரியப் படை நசுக்கியது. கல்கத்தாவில் இருந்த ராம்மோகன் ராய் அந்தச் செய்தி கேட்டு மனமுடைந்தார். ஒத்துக்கொண்டிருந்த ஒரு சந்திப்பையே ரத்து செய்தார். உடன்கட்டைக் கொடுமையை எதிர்த்து அவர் போராடியதும் உண்மை. அதே ராய் 1828இல் தொடங்கிய பிரம்ம சபையில் வேதம் எங்கே ஓதப்பட்டது? பார்ப்பனர் மட்டுமே நுழையக்கூடிய பக்கத்து அறையில்! எங்கோ இருந்த நேப்பிள்ஸ் மக்களின் விடுதலை அவர் நெஞ்சைத் தொட்டது. சொந்தச் சபையின் சுவர் உறுத்தவில்லை. 1833இல் பிரிஸ்டலில் இறந்தபோதும் அவர் உடலில் பூணூல் இருந்தது.

அடுத்த தலைமுறை அந்தப் பூணூலைக் கேள்வி கேட்டது. பூணூல் அணிந்தவர் வழிபாட்டை நடத்தக்கூடாது என்றார்கள் கேசவ சந்திர சென்னும் இளைஞர்களும். தேவேந்திரநாத் தாகூர் இணங்கவில்லை. 1866இல் சமாஜம் உடைந்தது. கடவுளுக்கு உருவம் உண்டா என்பதில் இரு தரப்புக்கும் சண்டையே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

பிறகு திருமணச் சட்டம் வந்தது. பிரம்ம சமாஜத்தாருக்கென்று தனிச் சட்டம் கேட்டார் கேசவர். ‘நாங்களும் இந்துக்களே’ என்று எதிர்த்தது ஆதி பிரம்ம சமாஜம். விளைவாக, 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மணம் முடிக்க விரும்பியவர்கள், தாங்கள் இந்து மதத்தைப் பின்பற்றவில்லை என்று அறிவிக்க வேண்டியிருந்தது. சாதி மறுத்து மணக்க வேண்டுமானால் மதத்தை விட்டு வெளியே வா என்று ஆங்கிலேயன் சட்டமே சொல்லிவிட்டது!

அந்தச் சட்டம் மணமகளுக்கு 14 வயதாவது நிரம்பியிருக்க வேண்டும் என்றது. அதற்காக வாதாடிய கேசவரே 1878இல், 14 நிரம்பாத தன் மகளைக் கூச்பிகார் மன்னருக்கு இந்துச் சடங்குகள் கலந்து மணமுடித்தார். சமாஜம் மீண்டும் உடைந்தது.

ஆக, கடவுளை எந்தச் சொல்லால் அழைக்கிறார்கள் என்பதை வைத்தோ, உலக நடப்புக்கு எவ்வளவு உருகுகிறார்கள் என்பதை வைத்தோ ஒரு மதச் சீர்திருத்தத்தை எடைபோட முடியாது. வழிபாட்டை நடத்துவது யார்? பெண் கொடுப்பதும் எடுப்பதும் யாரோடு? பக்கத்து அறைக்குள் யாருக்கு அனுமதியில்லை? இம்மூன்றுக்கும் நேரான பதில் வரட்டும். அதன்பிறகு உலக சகோதரத்துவம் பற்றி அவர்களோடு பேச நாம் அணியமாக இருக்கிறோம்.