முதலில் ஊரைக் கேளுங்கள் சார்!

உத்திரமேரூர் பக்கம் போனால் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பாருங்கள். கி.பி. 921-ல், பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய தேர்தல் விதிகள். பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடவோலையில் ஏறாது. அவன் சொந்தக்காரனுக்கும் 'நோ'! (பெண்களுக்கும் 'நோ' என்பது தனி வெட்கம்.)

1958-ல், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. காமராஜர் முதல்வர்; நெ.து.சுந்தரவடிவேலு கல்வி இயக்குநர். ஊர்மக்களே பள்ளிக்கு வேண்டியதைக் கொடுத்தார்கள்.

இப்போது உத்திரமேரூரில் ஓர் அறிவியல் பள்ளி கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பிளான் எங்கிருந்தோ வரும், கான்ட்ராக்டர் வருவார், திறப்பு விழாவன்று ஊருக்கு லட்டு வரும். அவ்வளவுதானா?

நடக்கிற அரசுப் பள்ளியிலேயே மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும், அவர்கள்தான் வளர்ச்சித் திட்டம் போட வேண்டும் என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். புதுப் பள்ளிக்கு மட்டும் ஊர் எதற்கு என்பீர்களா?

அஸ்திவாரத்திலேயே பாடம் தொடங்கட்டும். பிள்ளைகள் நிழலை அளந்து ஜன்னலுக்கு இடம் சொல்லட்டும். கலவையில் தண்ணீர் கூடினால் சுவர் ஏன் சொத்தையாகும் என்று மேஸ்திரி சொல்லட்டும். அதுவும் சயின்ஸ்தானே!

செலவை வாசல் சுவரில் எழுதிப் போடுங்கள். விதியைக் கல்லில் வெட்டிய ஊர் சார் அது. கணக்கைச் சுண்ணாம்பில் எழுத என்ன கூச்சம்?